கட்டம் சரியில்லை

என் கணினிக்குச் சென்னை ஒரே கட்டம்.
இருபத்தைந்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்,
முக்கால்வாசி நிலம், மிச்சம் கடல்.
எண்ணூர்ச் சாம்பலுக்கும் அடையாற்று முகத்துவாரத்துக்கும்
ஒரே ஈரம், ஒரே வெயில்.
பனகல் பூங்கா நிழலில் வேர்க்கடலை உரிப்பவருக்கும்
மணலியில் தகரக் கூரையின்கீழ்
பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருப்பவளுக்கும்
சேர்த்து ஒரே எண்.

அதை உடைக்கத்தான் எனக்குச் சம்பளம்.
ஐந்து கிலோமீட்டராக, பிறகு ஒன்றாக.
தார் எங்கே, தண்ணீர் எங்கே,
ராத்திரியில் சூட்டைக் கக்கும் சுவர் எங்கே என்று
பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.
பள்ளிக்கரணையைச் சதுப்பு என்று ஊட்டினேன்.
பர்வீன் எட்டிப் பார்த்தாள்:
"இது எந்த வருஷத்துப் பள்ளிக்கரணை?"
திருத்தினேன். இரண்டு பொத்தான் தட்டியதில்
பாதிச் சதுப்பு கான்கிரீட் ஆனது.
அங்கேயும் இவ்வளவு சுலபமாகத்தான் நடந்திருக்கும்.

நேற்றைச் சரியாகச் சொல்லாத மாதிரியிடம்
நாளையைக் கேட்கக் கூடாது.
அதனால் பழைய மழைப் பேரேடுகளைப் புரட்டினேன்.
ஏதோ ஓர் ஏரிக்கரை மழைமானி,
படித்தவர் ஏகாம்பரம், ஊதா மை,
முப்பது வருஷமாகச் சாயாத எண்கள்.
ஒரு டிசம்பர்ப் பக்கத்தில் மட்டும் எண் இல்லை.
"மானி மூழ்கிவிட்டது. எனக்கு மார்பளவு."
கணினிக்கு மார்பளவு புரியாது.
இல்லாத தரவுக்கு வழக்கமாக இடுவதை இட்டேன்:
மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
ஊரே முங்கிய நாளில்
கணக்கில் ஒரு சொட்டு மழை இல்லை.

இரவுக் காவலுக்கு முனிரத்தினம்.
தேநீர் கொண்டுவந்தால் திரையைப் பார்ப்பார்.
"நீங்களும் கட்டம் போட்டுத்தானே பாக்கறீங்க மேடம்,
ஜோசியமா?"
ஜோசியர் ஒரு ஜாதகத்துக்கு ஒரு பலன் சொல்வார்,
நான் ஒரே ஊருக்கு நாலு ஜாதகம் எழுதுகிறேன் என்றேன்,
மனுஷன் எவ்வளவு புகை விடுவான் என்று
இன்னும் தெரியாததால்.
கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப, பொறந்த நேரமே இன்னும் குறிக்கலைன்னு சொல்லுங்க."

மே மாதம், பதினொன்றரை மணி.
திரையில் இரண்டாயிரத்து அறுபத்தேழு ஓடிக்கொண்டிருந்தது.
முப்பதுக்குக் கீழே இறங்காத இரவுகளை
எண்ணிக்கொண்டிருந்தேன், பத்தொன்பது, இருபது,
மின்சாரம் போயிற்று.
டிரான்ஸ்ஃபார்மர் வெடித்ததாம்.
பேட்டரி இருபது நிமிஷம் முனகிவிட்டு அடங்கியது.
வரப்போகும் வெயிலைக் கணக்கிட்ட எந்திரம்
இந்த வருஷத்து வெயிலில் படுத்துவிட்டது.

கீழே வந்தேன். தெரு முழுக்க விழித்திருந்தது.
நடைபாதையில் பாய்கள், பாய்களில் யாரும் படுக்கவில்லை.
ஒருத்தி மகனை வாளிக்குள் நிற்கவைத்து
தலையில் செம்பு செம்பாக ஊற்றினாள்.
தண்ணீரும் சுட்டிருக்கும், அவன் சிணுங்கினான்.
கடற்காற்று வரவில்லை.
முனிரத்தினத்தின் நீலச் சட்டை முதுகில்
உப்பு ஒரு கரையோரம் வரைந்திருந்தது,
என் எந்த வரைபடத்தையும்விடத் துல்லியமாக.
வியர்வை காயாத காற்றுக்கு
எங்களிடம் ஒரு பெயரும் ஒரு சமன்பாடும் உண்டு.
அவரிடம் ஒரு துண்டு இருந்தது.
பிழிந்து, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

நாலு மணிக்கு விளக்கு வந்தது.
விட்ட மாதத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.
வாசலில் நின்றே கேட்டார்:
"எங்க வூடு எந்தக் கட்டத்துல வருது?"
வியாசர்பாடி. நாற்பத்தோராம் வரிசை, பதினேழாம் பத்தி.
காட்டினேன். கறுப்புக்கு ஒரு படி முந்தின சிவப்பு.
பரிகாரம் கேட்பார் என்று
வாயில் ஒரு பதிலைத் தயார்செய்து வைத்திருந்தேன்.

"இத ஒரு பேப்பர்ல எடுத்துக் குடுப்பீங்களா?
ஆஸ்பெஸ்டாஸ மாத்தித் தான்னு
ஓனரை மூணு வருஷமாக் கேக்கறேன்."

வண்ணத்திலேயே எடுத்தேன்.
பழக்கத்தில் கேட்டேன், ஓரத்தில்
பிழை வரம்பையும் போட்டுவிடவா என்று.
"அது வேணாம் மேடம்," என்றார்,
தாளை மடிக்காமல் வாங்கிக்கொண்டு.
"அத மட்டும்தான் அந்தாளு படிப்பான்."